அதே பேர், அதே நம்பர்

இல்லீங்கய்யா, இன்னும் கூப்பிடல. உங்க பொண்ணு விசாரணைக்கு உள்ள போயி இருபது நிமிஷம்தான் ஆகுது. எனக்கே ரெண்டு மணி நேரம் ஆன மாதிரி இருக்கு, பெத்தவர் உங்களுக்குக் கேக்கவே வேணாம். அந்தக் கதவுக் கண்ணாடியில ஒண்ணும் சரியாத் தெரியாதுங்க, நான் அஞ்சு தடவை எட்டிப் பாத்துட்டேன். இந்தப் பக்கம் மூணு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. அந்த ஒரு தலை உங்க பொண்ணு. குனியல, நிமிந்துதான் உக்காந்திருக்காங்க.

நானா? நான் சாட்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல என்னையும் கூப்பிடுவாங்க. எட்டு வருஷமா ஒரே ரூம்ல எதிரெதிர் மேஜைங்க நாங்க. அவங்க மேஜை தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கும், என் மேஜையில போன வருஷத்து டீ கப்பு கிடக்கும். மருந்துக் கிடங்கு வாசல்ல, உள்ள எத்தனை டிகிரின்னு காட்டுற போர்டு ஒண்ணு தொங்குதுல்ல, அதோட ப்ரோக்ராம் நான் எழுதினது. உள்ள இருக்கிற குளிர் மெஷினைக் கூட்டிக் கொறைச்சு ஓட்டுற ப்ரோக்ராம் உங்க பொண்ணு எழுதினது.

சொல்லியிருக்காங்களா? என்னைப் பத்தியா? என்ன சொன்னாங்க?

ஓ, அந்த லீவு விஷயம். ஆமாங்க, நான்தான் சொன்னேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னா ஒரு வாரம் முழுசா எடுத்துக்குங்க, இங்க நான் பாத்துக்கறேன்னு. அதெல்லாம் பெரிய விஷயமா, யாரா இருந்தாலும் சொல்றதுதான். தண்ணி குடிக்கிறீங்களா? எனக்கு வேணும். ஒரு நிமிஷம்.

மன்னிச்சுக்குங்க, பெஞ்சு கிறீச்சுங்குது. நான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா உங்க தலை அதிரும், ஆபரேஷன் பண்ண கண்ணு. உக்காந்துட்டேன், இனிமே அசையல. மணி பத்து நாப்பது. பதினோரு மணிக்குச் சொட்டு மருந்தா? உங்க பொண்ணு உள்ள இருந்தா என்ன, நான் போட்டு விடறேன். கவலையை விடுங்க.

அவங்க சொன்னது உங்களுக்குத் தலையும் புரியல வாலும் புரியலையா? நியாயம்தான். எங்க மேனேஜருக்கே பாதிதான் புரிஞ்சுது, அவரு பாக்கிப் பாதிக்குத் தலையாட்டிட்டாரு. நான் சொல்றேன், மெதுவா.

கிடங்குல ஊசி மருந்துங்க இருக்கு. ரெண்டு டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, எட்டுக்கு மேல போகக் கூடாது. போன திங்கக்கிழமை காலையில கிடங்கைப் பாத்துக்கிற அக்கா கதவைத் திறக்க வந்தா, வாசல் போர்டுல அரை டிகிரி. உள்ள போய்ப் பாத்தா குளிர் மெஷின் காத்தாடிக்குப் பக்கத்துல இருந்த பாட்டிலெல்லாம் ஐஸ் கட்டியிருக்கு. ஒரு அறை மருந்து பூரா குப்பைக்கு. அக்கா உங்க பொண்ணோட ப்ரோக்ராம் என்ன சொல்லுதுன்னு பாத்தாங்க. அது ரெண்டு நாளா எழுதி வெச்சிருக்கு: அஞ்சு டிகிரி, எல்லாம் சரி. அஞ்சு டிகிரி, எல்லாம் சரி. சனி, ஞாயிறு முழுக்க.

அப்போ என்ன முடிவுக்கு வருவாங்க? போர்டு உண்மையைச் சொல்லுது, ப்ரோக்ராம் பொய் சொல்லுது. எழுதினது யாரு, கூப்பிடு. அவ்வளவுதான்.

உங்க பொண்ணு என்ன சொல்றாங்கன்னா, என் ப்ரோக்ராமை மூணு மாசமா யாரும் தொடல, அதுக்குக் கீழ இருக்கிற லைப்ரரியை யாரோ மாத்தியிருக்காங்க, என் ப்ரோக்ராம் எழுதி வெச்ச பதிவுல அதுக்கு அடையாளம் இருக்குன்னு. சரின்னு கிடங்குக் கம்ப்யூட்டரைத் திறந்து பாத்தாங்க. லைப்ரரி அப்படியே இருக்கு. அதே பேர், அதே நம்பர், போன வருஷத் தேதி. அதனால இப்போ குத்தச்சாட்டு பெருசாயிடுச்சுங்க. தப்பு பண்ணாங்கன்னு மட்டும் இல்ல, தப்பிக்கிறதுக்காகப் பதிவையும் ஜோடிச்சாங்கன்னு. வேலை போறது ஒண்ணு. பொய்க் கணக்கு எழுதினவங்கன்னு காகிதத்துல எழுதிட்டாங்கன்னா, அதுக்கப்புறம் எந்தக் கம்பெனிக் கதவும் திறக்காது. அதைத்தான் உள்ள முடிவு பண்ணிக்கிட்டிருக்காங்க.

நீங்க அழாதீங்க. கண்ணுக்கு ஆகாது.

லைப்ரரின்னா புத்தகம் இல்லீங்க. நீங்க என்ன வேலை பாத்தீங்க? கட்டிங் மாஸ்டரா! இத்தனை நேரம் சொல்லவே இல்ல. அப்போ ரொம்ப சுலபம். உங்க கட்டிங் ரூம்ல எத்தனை மேஜை? பத்தா. நாம ரெண்டுன்னு வெச்சுக்குவோம். ஒவ்வொரு மேஜைக்கும் அளவெடுக்கத் தனித்தனி டேப்பு குடுக்கலாம். அதை மேஜையோட சேத்து ஆணி அடிச்சுடலாம். நாங்களும் ஒரு காலத்துல அப்படித்தான் பண்ணோம். ப்ரோக்ராமைக் கம்பைல் பண்ணும்போது, அதாவது நாம எழுதினதை மெஷின் ஓட்டுற மாதிரி மாத்தும்போது, வேணுங்கிற சாமானெல்லாம் அதுக்குள்ளேயே வெச்சுத் தெச்சுடுவோம். டேப்புல ஒரு கோளாறுன்னா பத்து மேஜையும் கழட்டணும். அதனால இப்போ என்ன பண்றோம், செவுத்துல ஒரு ஆணி, அதுல ஒரே ஒரு டேப்பு. எல்லா மேஜைக்கும் பொது. அதுதான் லைப்ரரி. சென்சார் கிட்டேருந்து டிகிரியை வாங்கிக் குடுக்கிற வேலையை அது ஒண்ணே செய்யும். என் போர்டும் அதைத்தான் கேக்கும், உங்க பொண்ணு ப்ரோக்ராமும் அதைத்தான் கேக்கும்.

கம்பைல் பண்ணும்போது ப்ரோக்ராமுக்குள்ள ஒரு சீட்டு மட்டும் எழுதி வெப்போம். எனக்கு வேண்டிய டேப்பு இன்ன பேர், நம்பர் ரெண்டுன்னு. ப்ரோக்ராம் கிளம்பும்போது மெஷின் அந்தச் சீட்டைப் பாக்கும், அலமாரியில அந்தப் பேர், அந்த நம்பர் இருக்கான்னு தேடும், எடுத்துக் கையில குடுக்கும். உள்ள என்ன இருக்குன்னு பாக்காது. பேரும் நம்பரும் சரியா இருந்தாப் போதும்.

என்ன கேட்டீங்க?

நீங்க சட்டுனு அங்க வந்துட்டீங்களே. மூணு நாளா அந்த மூணு தலைக்கும் எட்டல. ஆமா. அப்போ யாரோ டேப்பை மாத்தியிருக்கணும். இஞ்சு டேப்பை எடுத்துட்டு அதே ஆணியில சென்டிமீட்டர் டேப்பை மாட்டின மாதிரி. மேஜைகிட்ட நிக்கிற ஆளு நாப்பதுன்னு அளந்து நாப்பதுன்னு வெட்டுவான், அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்தச் சட்டையைப் பொம்மைக்குத்தான் போட முடியும்.

சிரிக்கிறீங்க. நல்லது, சிரிங்க.

யாரு மாத்தினதா? அது... எங்க ஆபீஸ்ல ஒருத்தன். லைப்ரரிக்குப் பொறுப்பானவன். இப்போதைக்கு அவனை ஒருத்தன்னே வெச்சுக்குவோம். கெட்டவன் இல்லீங்க. பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, சாயங்காலமானா பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறவன். சோம்பேறின்னு வேணா சொல்லலாம்.

அந்தக் கிடங்கு அக்கா ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தாங்க, போர்டுல வெறும் அஞ்சுன்னு காட்டுதே, அஞ்சு புள்ளி ரெண்டா அஞ்சு புள்ளி எட்டான்னு தெரிய வேணாமான்னு. நியாயமான கேள்வி. அதுக்கு இவன் என்ன பண்ணான், லைப்ரரி டிகிரியைக் குடுக்கிற விதத்தை மாத்தினான். அஞ்சு புள்ளி ரெண்டுன்னா அம்பத்தி ரெண்டுன்னு குடுக்கும், போர்டு பத்தால வகுத்து, புள்ளி வெச்சுக் காட்டிக்கும். போர்டை அதுக்கேத்த மாதிரி மறுபடி கம்பைல் பண்ணியாச்சு. அழகா வந்துச்சு. அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனா அர்த்தம் மாறுதுன்னா நம்பரைக் கூட்டணுங்க. ரெண்டை மூணாக்கணும். மூணு அலமாரிக்கு வந்தாலும் ரெண்டு அங்கேயே இருக்கும். பழைய சீட்டு வெச்சிருக்கிற ப்ரோக்ராம் ரெண்டையே எடுத்துக்கும், புதுசு மூணை எடுத்துக்கும், ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவு இல்ல. அதுக்காகத்தான் அந்த நம்பரே இருக்கு. நம்பர் மாறலைன்னா அர்த்தமும் மாறலைன்னு எழுதினவன் குடுக்கிற வாக்கு அது. இதைப் படிக்கும்போது முதல் வாரத்துலேயே சொல்லிக் குடுப்பாங்க.

ஏன் கூட்டலைன்னா, எங்க ஆபீஸ்ல நம்பரைக் கூட்ட ஒரு படிவம் இருக்கு. அந்த லைப்ரரியை உபயோகிக்கிற எல்லாரும் கையெழுத்துப் போடணும். உங்க பொண்ணு அந்த வாரம் லீவு. உங்க கண்ணு. ஒரு வாரம் காத்திருந்திருக்கலாம். வானமா இடிஞ்சு விழுந்திருக்கும்? ஆனா அக்கா செவ்வாய்க்கிழமை காலையில மறுபடி கேட்டுட்டாங்க, இவனுக்கும் முடிச்சுக் காட்டணும்னு ஒரு அரிப்பு. உங்க பொண்ணோட ப்ரோக்ராம் டிகிரியை வேற வழியா எடுக்குதுன்னு அவனுக்கு ஒரு நெனப்பு. நெனப்புதான். அந்த ப்ரோக்ராம் லைப்ரரிகிட்ட என்னென்ன கேக்குதுன்னு பட்டியல் பாக்க ஒரே ஒரு வரி அடிச்சாப் போதும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அடிக்கல.

ஏன் நான் எந்திரிச்சேன்? சும்மா. கால் மரத்துப் போச்சு. அந்த மூணு தலையில ஒண்ணு இப்போ எந்திரிச்சு நிக்குது. உங்க பொண்ணு கையை ஆட்டிப் பேசறாங்க.

ஆங், அதையும் கேளுங்க. செவ்வாய்க்கிழமை மாத்தினான். அன்னிக்கு ஒண்ணும் ஆகல. புதன் ஒண்ணும் ஆகல. வியாழன், வெள்ளி, குளிர் மெஷின் சமத்தா ஓடுது. ஏன்னா ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோக்ராம் கையில எடுத்த டேப்பை விடாது. ஆணியில நீங்க எதை மாட்டினாலும் அது தன் கையில இருக்கிற பழசை வெச்சே அளந்துக்கிட்டிருக்கும். இவன் தினம் போய் எட்டிப் பாத்து, பாத்தியா ஒண்ணும் ஆகலன்னு தன் முதுகைத் தானே தட்டிக்கிட்டான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லா கம்ப்யூட்டரும் தானா ஒரு தடவை அணைஞ்சு எரியும். வாராவாரம் நடக்கறதுதான். அப்போ உங்க பொண்ணோட ப்ரோக்ராம் புதுசாக் கிளம்புச்சு, சீட்டைக் காட்டுச்சு, அதே பேர், அதே நம்பர், புது டேப்பைக் கையில குடுத்துடுச்சு. அம்பத்தி ரெண்டுன்னு வந்துச்சு. ஐயோ, அம்பத்தி ரெண்டு டிகிரி கொதிக்குதேன்னு அது குளிரை முழு வேகத்துல திறந்து விட்டுச்சு. அஞ்சுன்னு வர்ற வரைக்கும் விடல. அந்த அஞ்சு, அரை டிகிரி. அங்க நிறுத்தி, ரெண்டு நாள் ஒரு இம்மி நகராம பத்திரமாப் பாத்துக்கிச்சு. அவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க உங்க பொண்ணு.

திங்கக்கிழமை காலையில எல்லாரும் அட்டைப்பெட்டி தூக்கி ஓடிக்கிட்டிருக்காங்க. அந்த ஒருத்தனுக்கு போர்டைப் பாத்த அடுத்த நொடியே புரிஞ்சு போச்சு. கையும் ஓடல காலும் ஓடலன்னு சொல்லுவாங்களே, அப்படி இல்லீங்க, கை நல்லாவே ஓடுச்சு. தன் மேஜைக்குப் போனான், பழைய லைப்ரரியை அதே தேதியோட திரும்ப வெச்சான், போர்டையும் பழசாக்கினான், ரெண்டு ப்ரோக்ராமையும் நிறுத்திக் கிளப்பினான். ஏழு நிமிஷம். அதுக்கப்புறம் உங்க பொண்ணு ப்ரோக்ராமை எத்தனை பேர் சோதிச்சாலும் சரியாத்தானே ஓடும்? அக்கா மட்டும் மத்தியானம் கேட்டாங்க, அந்தப் புள்ளி எங்கப்பா போச்சு, நல்லா இருந்துச்சேன்னு. அது சும்மா சோதனைக்கு வெச்சதுக்கான்னு சொல்லிட்டான். உள்ள இருக்கிற மூணு பேரும் அந்தப் போர்டை அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. அக்காவைக் கூப்பிட்டு யாரும் கேக்கவும் இல்ல.

மணி பதினொண்ணு. குடுங்க அந்த மருந்தை. தலையைச் செவுத்துல சாய்ச்சுக்குங்க. கறுப்புக் கண்ணாடியை நான் எடுக்கறேன். எந்தக் கண்ணு, இதானே? கொஞ்சம் மேல பாருங்க. ஐயோ, கன்னத்துல விழுந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க. எனக்குப் பழக்கமில்ல, அதான். மறுபடி. விழுந்துடுச்சு. மூடிக்குங்க. அப்படியே இருங்க, நான் பேசறேன், நீங்க கண்ணைத் திறக்க வேணாம். எனக்கும் அதுதான் வசதி.

உங்க பொண்ணு அவன்கிட்ட கேட்டாங்க. திங்கக்கிழமை சாயங்காலம், படிக்கட்டுல. அவங்க மேல ஏறி வராங்க, அவன் கீழ இறங்கறான். கையில பை, கண்ணு செவந்திருக்கு. கத்தல. சாதாரணமாத்தான் கேட்டாங்க. நீங்க எதாவது மாத்தினீங்களா, மாத்தியிருந்தா சொல்லிடுங்க, ரெண்டு பேரும் சேந்து சரி பண்ணிடலாம்னு. சேந்துன்னு சொன்னாங்க ஐயா. அவன் கண்ணைப் பாத்து, இல்லையே, நான் எதையும் தொடலையேன்னான். நாக்கு கூசல. முந்தாநாள் காகிதத்துலயும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான், லைப்ரரியில மாற்றம் எதுவும் செய்யலன்னு. அந்தக் காகிதத்தை வெச்சுத்தான் இப்போ உள்ள உங்க பொண்ணை மடக்கிக்கிட்டிருக்காங்க.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் படிக்கட்டுலதான் நின்னேன்.

கண்ணைத் திறக்காதீங்க, இன்னும் ஒரு நிமிஷம்.

உங்க பொண்ணு ஒரு அடையாளம் இருக்குன்னாங்களே, அது நெசம். ஒவ்வொரு தடவை கம்பைல் பண்ணும்போதும் அந்த ஃபைலுக்குள்ள ஒரு முத்திரை விழும். எழுத்தும் எண்ணுமா நாப்பது இருக்கும். பேரும் நம்பரும் ஒண்ணாவே இருக்கலாம், தேதியை மாத்திக்கலாம், ஆனா உள்ள மாத்தி எழுதினா முத்திரை மாறிடும். உங்க பொண்ணு யாரும் பண்ணாத ஒரு காரியம் பண்ணியிருக்காங்க. அவங்க ப்ரோக்ராம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், எந்த முத்திரை உள்ள லைப்ரரி தன் கைக்கு வந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கும். எட்டு வருஷமா நாங்க கிண்டல் பண்ணுவோம், பாலைக் காய்ச்சறதுக்கு முன்னாடி மாட்டோட கைரேகையை எடுக்கறீங்களேன்னு. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அது ஒரு முத்திரையை எழுதியிருக்கு. அந்த முத்திரை உள்ள ஃபைல் அந்த மெஷின்ல எங்கேயும் இல்ல. இல்லாத ஃபைலோட முத்திரையை நீயே ஜோடிச்சு எழுதிட்டேங்கறாங்க. அந்த ஃபைலை மட்டும் ஒரே ஒரு தடவை கண்ணுல காட்டிட்டா, நாப்பது எழுத்தும் ஒத்துப் போகும், அத்தோட அவங்க பேர் வெளுத்துடும்.

அழிச்சாச்சு. ஆமா. ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி அவன் ஒரு பென் டிரைவ்ல போட்டுக்கிட்டான். ஏன்னு கேக்காதீங்க, அவனுக்கே தெரியாது. பத்து நாளா சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியறான். துணி மாத்தும்போது அதையும் மாத்தி வெச்சுக்கறான். அவன் பொண்டாட்டி கேட்டா, ஆபீஸ் ஃபைலுங்கறான். வாயைத் திறந்தா இந்த வேலை போயிடும், எட்டு வருஷம் சேத்து வெச்ச பேர் போயிடும், அதுதான் பயம். திறக்கலைன்னா என்ன ஆகும்னு இந்த பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்.

கூப்பிடறாங்க. என்னையா? ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சே கேக்கணுமாமா? இதோ வரேன் சார், பெரியவருக்குக் கண்ணுல மருந்து போட்டிருக்கு, ஒரே நிமிஷம்.

இப்போ திறக்கலாம் ஐயா. கண்ணாடியை மாட்டிக்குங்க. கையை நீட்டுங்க, வலது கையை. பிடிங்க. சின்னதுதான், விரல் நீளம், கீழ விட்டுடாதீங்க. ஆமா, அதேதான். போர்டு மட்டும் இல்ல, லைப்ரரியும் நான்தான் எழுதறது.

உள்ள போய் இப்போ உங்ககிட்ட சொன்னதைத்தான் சொல்லப் போறேன். அந்த எண்ணத்துலதான் போறேன். ஆனா படிக்கட்டுலயும் அந்த எண்ணத்துலதான் நின்னேன், வாய் வேற மாதிரி சொல்லிடுச்சு. உங்க பொண்ணு வெளிய வந்ததும் முகத்தைப் பாருங்க. நான் சொல்லலைன்னா தெரிஞ்சுடும். உடனே இதை அவங்க கையில குடுத்துடுங்க, நீங்க ஒண்ணும் விளக்க வேணாம், முத்திரையைப் பாத்தா அவங்களே புரிஞ்சுக்குவாங்க.

பையில வெக்காதீங்க ஐயா, கையிலேயே இறுக்கிப் பிடிச்சுக்குங்க. நான் முதல்ல வெளிய வந்து திருப்பிக் கேட்டாலும் குடுக்காதீங்க.